அரைப்புள்ளி

பீர் முகமது முதல் ப்ரூஃபை
மடிக்காமல் கொண்டுவந்தான்.
முப்பது வருசமாய் அவுக மேசைக்கு
அப்படித்தான் கொண்டுபோவான்.
இன்றைக்கு என் மேசை,
அதாவது சாப்பாட்டு மேசை,
ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய்.

"காரைக்குடி கல்லுக்கட்டி மேற்கு
அச்சக உரிமையாளர்
மெ. சாத்தப்பன் அவர்கள்
சிவபதவி அடைந்தபடியால்..."

அடைந்தபடியால், சரி.
உரிமையாளர், சரி.
மேற்குக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி விட்டிருக்கு.
சிவப்புப் பேனா எழுதவில்லை.
உதறினேன். ஊதினேன்.
காலண்டர் தாளில் கிறுக்கிக் கிறுக்கி
வரவழைத்துப் போட்டேன்.

ஐஸ்பெட்டிக்காரன் போனில்
முதலில் கேட்டது உயரம்.
ஐந்தடி நாலு என்றேன்.
ஐந்தடி ஆறு என்றார் கொழுந்தனார்.
அவுக தலைமாட்டில் நின்றுகொண்டு
இரண்டு அங்குலத்துக்கு வாதாடினோம்.
வந்து இறக்கியபிறகு சொன்னான்,
பெட்டி எல்லாம் ஒரே அளவுதானாம்,
கேட்டு வைக்கிறது வழக்கமாம்.

கொள்ளி யாரென்று
வளவில் நின்று பங்காளிகள் பேசினார்கள்,
எனக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக.
பிள்ளை கூட்டிக்கலாம் என்று
ஒரு பங்குனியில் நாங்களும் பேசினோம்.
அந்த மாதம் தேர்தல் நோட்டீஸ் வேலை குவிந்தது.
பேச்சு அங்கேயே நின்றது.
சிதம்பரத்தின் ரெண்டாமவன் வைக்கட்டும் என்றேன்.
தீக்குச்சி கிழித்தே பழகாத பையன்.
சுடுகாட்டில் யாரோ எடுத்த வீடியோவில்
அவன் கை நடுங்கியது.
அந்தக் கையை மட்டும் பார்த்துவிட்டுப்
போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நகராட்சிச் சான்றிதழில் 'சத்தப்பன்' என்று வந்திருக்கு.
துணைக்கால் விட்டுப்போச்சு என்றேன்.
அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
திருத்த மனு, இருபது ரூபாய்ப் பத்திரம்,
பதினைந்து நாள் என்றாள்.
பேங்கில் ஓடிபி அவுக போனுக்குத்தான் வரும்.
அதனால் தினமும் ராத்திரி
அவுக போனைச் சார்ஜில் போடுகிறேன்.
விடியக்காலை நாலரைக்கு அது அலாரம் அடிக்கிறது.
எப்படி நிறுத்துவதென்று
பீர் முகமதுவுக்குத் தெரியும்.
கேட்கவில்லை.

நேற்றுக் கோயில் கணக்கர் வந்தார்.
செருப்பை வாசலிலேயே வெகுநேரம் கழற்றினார்.
துக்கம் கேட்டார்.
பிறகு நோட்டைப் பிரிக்காமலே சொன்னார்,
"வரிக்கு இனிமே உங்களுது
அரைப்புள்ளியாப் போகும் ஆச்சி.
பாதி கட்டினாப் போதும்."
சலுகை சொல்வதுபோலத்தான் சொன்னார்,
நல்ல மனுசர்.

அரைப்புள்ளி எனக்குத் தெரியும்.
மேலே புள்ளி, கீழே வாலுள்ள ஒன்று.
கல்யாணப் பத்திரிகைக்கு அது வேண்டாம்.
மஞ்சள்நீருக்கும் காதுகுத்துக்கும் வேண்டாம்.
ஈய எழுத்தை எடைக்குப் போட்ட அன்று
மற்றதெல்லாம் மழுங்கிக் கிடக்க
அது ஒன்றுதான் புதுசாயிருந்தது.
எடுத்துக் காட்டி அவுக சிரித்தாக,
"இதுக்கு நம்ம ஊர்ல வேலையே இல்லை தெய்வானை."

ப்ரூஃபின் கடைசியில் 'இப்படிக்கு'.
பங்காளிகள் ஐந்து பேர், மூப்பு வரிசையில்.
பெண்டாட்டி பேர் போடுகிற வழக்கமில்லை.
எத்தனை நூறு கருமாதி அட்டை
இதே கையால் திருத்திக் கொடுத்திருப்பேன்!
ஒரு நாளும் அது பிழையாகப் பட்டதில்லை.

ஐந்தாவது பேருக்குக் கீழே
சேர்க்கவும் குறி போட்டேன்.
தெய்வானை என்று எழுதினேன்.
மை மறுபடி பாதியில் நின்றது,
'னை' மட்டும் வெறும் கீறலாய்.

பீர் முகமது குனிந்து படித்தான்.
வாயைத் திறந்தான், மூடினான்.
"எத்தனை பிரதி ஆச்சி?"
முந்நூறு.
"அண்ணன் எப்பவும் பத்து கூட அடிப்பாக,
கறைபட்டதைக் கழிக்க."

அப்படியே அடி.