பதினெட்டு யூனிட்

நேமிநாதன் வீட்டு மீற்றரை
நேமிநாதன் வாசிக்கக் கூடாது. கந்தோர்ச் சட்டம்.
அதனால் மாதத்தில் ஒருநாள்
டைக் வீதிக்கு சைக்கிளை உழக்கிப் போய்
நான்தான் வாசிப்பேன்.
பதினெட்டு. பதினேழு. பதினெட்டு.
பெப்ரவரி என்றால் பதினாறு.

ஒரு பல்ப், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ,
நாற்பத்துநாலு வயது.

ஐப்பசி மழையோடு கணக்காய்வும் வந்தது,
வவுனியாவிலிருந்து, தர்மினி என்ற பெயரில்,
சிவப்புப் பேனையும் நனைந்த குடையுமாக.
பட்டியலில் ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.
"இந்த வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ,
இல்லாட்டி வயர் வேறை வழியாலை போகுதோ?"
கந்தோர் முழுக்கச் சிரித்தது.
நேமி மட்டும் எழும்பி நின்றான்,
வரவு கூப்பிட்ட பொடியன் மாதிரி.
"அது நான்தான், மிஸ்."

தீபாவளிக்கு மூன்று நாள் கிடக்க
நேரில் வந்து பார்த்தா.
மீற்றருக்கு ரோர்ச் அடித்தா, முத்திரை உடையவில்லை.
கூரைக்கு அடித்தா, ஓடு ஒன்று ஒழுகியது.
பின்கதவைத் திறந்தா:
கிணற்றடியில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
வீட்டுக்காரர் தோரணையில்
'யார் வேணும்?' என்று நின்றது.
"இதுவும் உங்கட ஆளோ?"
"வாடகை தாறேல்லை."
அவ சிரித்தா.
அந்தச் சிரிப்பைப் பற்றி அவன் எனக்குச் சொன்னான்,
அன்றைக்கு மட்டும் நாலு தரம்.

அடுத்தநாள் குடையை மறந்துவிட்டேன் என்று வந்தா.
அதற்கடுத்த நாள், மழையே இல்லை,
குடையை விட்டுவிட்டுப் போனா.
ஹொரவப்பொத்தானையில் வெள்ளம் பாதையை மூட
வவுனியா பஸ் நின்றுபோனது.
ஊரெல்லாம் வானத்தைத் திட்ட
நேமி புதுக் கேத்தல் ஒன்று வாங்கினான்.
மினுங்கும் பல்ப் மாலை இரண்டு.
அயன்பெட்டி என்னுடையது. இன்னும் வந்துசேரவில்லை.
அவன் மீற்றருக்குள் அந்தச் சின்னச் சக்கரம்
தேர்ச் சில்லு மாதிரிச் சுழன்றது.

தீபாவளி இரவு.
ஆட்டுக்கறி, இடியப்பம், இரண்டு கோப்பை.
பக்கத்து வீட்டு ரீவியில் சிறப்பு நிகழ்ச்சி,
தனிக்கட்டை ஒருவனுக்குப் பெண் பார்க்கிற கூத்து.
சுவரோ ஒற்றைக் கல்.
"உப்புக் காணுமோ?" என்றான் நேமி.
சுவருக்கு அங்காலை ஐம்பது பேர் சிரித்தார்கள்.
"கனநாளா உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."
"நாலு நாள்தானே என்னைத் தெரியும்?"
கைதட்டல் வேறு.
அவன் வாயைத் திறந்தான்.
கரண்ட் போனது.

வீதி முழுக்க இருட்டு.
சிரித்த ஐம்பது பேரும் செத்துப்போக
கடல் மட்டும் வாசல்வரை வந்து கேட்டது.
கரண்ட் வர இருபத்திரண்டு நிமிடம்.
அதற்குள் என்ன நடந்தது என்று
எல்லாம் சொல்கிறவன் அதைச் சொல்லவில்லை.
மீற்றரும் பதியவில்லை.

பாதை திறந்தது. ஒன்றரை பஸ்.
இரண்டு கிழமை தொலைபேசி மணியடித்தது,
பிறகு 'வேலை கூட' என்றது,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
யார் பிழை என்று நானும் கேட்கவில்லை.
எழுபது மைல், ஒரு சுகமில்லாத அம்மா,
கேட்கத் தெரியாத ஒருவன்,
இன்னும் ஏதாவது இருந்திருக்கும்.

மார்கழியில் அறிக்கை வந்தது.
பதினாலாம் இலக்கம், டைக் வீதி:
"முறைகேடு ஏதுமில்லை. பாவனையாளர் தனியாள்."
நேமி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தான்,
கந்தோர் இயந்திரத்தில், கந்தோர்க் கடதாசியில்.
அதுதான் அவன் செய்த ஒரே முறைகேடு.

தீபாவளி மாதம் முப்பத்தொன்று.
அதற்கடுத்து வழக்கம்போலப் பதினெட்டு.
தை மாதம் போனேன்: பத்தொன்பது.
"இந்த ஒண்டு எங்காலை?" என்றேன்.
பின்வாசலைக் காட்டினான்.
பட்டப்பகலில் ஒரு பல்ப் எரிந்தது,
அதற்குக் கீழே காயாத குடை ஒன்று விரிந்தபடி.

"மான் வாறது," என்றான்.
"இருட்டிலை தடக்கி விழும்."