சுமார்

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் தட்டச்சு மேசை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
அழுதுகொண்டே சொல்பவர்களுக்கும் அதே இருபதுதான்.

காசிமாயன், சிந்துபட்டிப் பக்கம்.
பாலிதீன் பைக்குள் இன்னொரு பாலிதீன் பை,
அதற்குள் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம்.
ஒன்பது வருடம், நான்கு மாதம்.
விலக்கிய காரணம்:
உடல்தகுதித் தேர்வில் மூன்று முறை தோல்வி.
"அது சரிதான்க்கா. அதுல எனக்கு வழக்கு இல்ல."
விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.
நடத்தை: ஃபேர்.

"ஃபேர்னா வெளுப்புதானடா, நல்லதுதான?"
என்றாளாம் அம்மா,
மூஞ்சிக்குப் பூசும் கிரீம் டப்பாவை நினைத்துக்கொண்டு.
பெண் வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார்.
அவர் தமிழில் சொல்லிவிட்டார்.
பையன் நடத்தை சுமாராம்.
செல்லம்பட்டி வரைக்கும் போய்ச் சேர
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.
ஏடிஎம் காவல் வேலைக்குப் போன இடத்திலும்
புத்தகத்தைப் புரட்டியவர்
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று,
சொல்லி அனுப்புகிறோம் என்றாராம்.

நானும் நாளெல்லாம் புழங்குகிற சொல்தான்.
சுமார் பத்தரைக்கு வாங்க.
சாம்பார் சுமார்.
வியாபாரம் எப்படி செலின்?
சுமார்தான் சார்.

மதியம் வக்கீல் நாகூர்கனி வந்து
பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தட்டினேன்.
இரண்டாயிரத்து நானூறு மீட்டர்.
முதல் முறை நாற்பது விநாடி பிந்தினான்.
அடுத்து இருபத்தாறு.
கடைசியில் பதினொன்று.
"குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு, அதையும் எழுதுங்க."
எழுதினேன்.
வக்கீல் அடிக்கச் சொன்னார்.

வலி இருந்ததா?
இருந்துச்சு சார். வலது கால், முட்டிக்குக் கீழ.
டாக்டரிடம் காட்டினாயா?
இல்ல.
ஏன்?
காட்டுனா கேட்டகிரிய இறக்கிருவாங்க சார்.
வக்கீல் பேனாவை மூடினார்.
இளநீர் வெட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

பெரியாஸ்பத்திரியில் போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயை
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
எலும்பில் மயிரிழையாய் ஒரு கோடு,
ஆறிப்போனது.
"எலும்புல தேதி போட்டிருக்காது தம்பி"
என்றார் வக்கீல், கொஞ்சம் மெதுவாக.

வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.
பென்ஷனும் கேட்கவில்லை.
ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவே மனு.
"ஓட்டத்துலதானக்கா ஃபெயிலு?
நடத்தையில எதுக்குக் கை வைக்கணும்?"
என் விரல்கள் நின்றுவிட்டன.
இதை அப்படியே போடுவோம் சார் என்றேன்.
அவரும் யோசித்துப் பார்த்தார்.
இங்கிலீஷில் வராதும்மா என்றார்.
வரவில்லைதான்.
மூன்றாம் பக்கத்தில் அந்த இடத்தில்
வேறொரு வாக்கியம் இருக்கிறது,
நீளமாக, இலக்கணப் பிழையில்லாமல்.

கையெழுத்து போட்டு, உறை ஒட்டி, விலாசம் எழுதி
நிமிர்ந்தால் மணி மூணே முக்கால்.
இன்றுதான் கடைசி நாள்.
தல்லாகுளம் தபாலாபீசில் நாலு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும்.
ஓடு தம்பி என்றுவிட்டேன்,
வாய் தவறி.

உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தான்.
வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான்.
"ஷேர் ஆட்டோ வருதுக்கா."
அறுபது ரூபாயை மேசையில் வைத்தான்.
ஏற்கெனவே ஏழு பேர் இருந்த வண்டி.
ஒரு கால் உள்ளே,
வலது கால் வெளியே தொங்க
சிக்னல் தாண்டிப் போனது.

அடுத்து ஒரு பெரியவர், வாய்க்கால் தகராறு,
கையில் நான்கு தாள்.
எவ்வளவு நேரம்மா ஆகும்?
சு என்று தொடங்கி நிறுத்தி
இருபது நிமிஷம் என்றேன்.

முப்பத்தைந்து ஆயிற்று.