எழுபத்தொன்றாம் புலம்

சிவப்புச் சாயத்தை ஊற்றி
அடியில் சுடரைக் காட்ட வேண்டும்.
ஆவி எழலாம். கொதிக்கக் கூடாது.
பால் காய்ச்சத் தெரியாதவர்களை
இந்த வகுப்பில் சேர்க்கவே கூடாது என்கிறாள்
நொம்புமெலெலோ.
அவளுடையது இரண்டு முறை பொங்கிவிட்டது.

பிறகு அமிலம், சாராயம்.
சளி வெளுக்கும், சீழ் வெளுக்கும்,
கூட வந்த உதிரிக் கிருமிகள் எல்லாம் வெளுக்கும்.
ஒருவன் மட்டும் மெழுகுத் தோல்காரன்,
குடித்த சிவப்பைக் கக்க மாட்டான்.
மேலே நீலம், ஒரு நிமிடம்.
குழாய் நீர்.

சளியின் சொந்தக்காரர் 0417.
உம்லாசியா பீனிக்ஸா, ஆணா பெண்ணா,
சாப்பிட்டாரா, தெரியாது.
கண்ணாடி ஓரத்தில் பென்சிலால் எழுதிய
நான்கு இலக்கங்கள்
இருமுகின்றன, அவ்வளவுதான்.

நூறு புலம் பார்க்க வேண்டும்.
புலம் என்றால்
லென்ஸுக்குக் கீழே தெரிகிற ஒரு வட்டம்.
மேல் மாடியில் ஜீன் எக்ஸ்பர்ட்
இதையே இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும்,
காப்பி இயந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே.
அதன் தோட்டா தீர்ந்துபோகிற நாளுக்காகத்தான்
என் கழுத்து வலி.

எழுபது வரை வெறும் நீலம்.
எழுபத்தொன்றில், கீழ் விளிம்பில்,
கொஞ்சம் வளைந்து, ஏதோ சிவப்பாய்…
திருகைத் தொட்டேன்.
மின்சாரம் போனது.

அட்டவணைப்படி நான்கு மணிக்குப் போக வேண்டியது.
அப்போது மூன்று ஐம்பத்திரண்டு.
டர்பனில் இது மட்டும்தான்
நேரத்துக்கு முன்னால் வரும்.

ஜெனரேட்டர் உறுமியது.
இன்குபேட்டருக்கு உயிர், குளிர்பெட்டிக்கு உயிர்,
ஜன்னல் இல்லாத நிலவறையில்
மாணவர் மேசைக்கு மட்டும் இல்லை.
கிருமிகள் முப்பத்தேழு டிகிரியில் சுகமாய் இருக்க
நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

என் அண்ணனுக்கு வந்தது
மருந்துக்கு மசியாத வகை என்றாள் நொம்புமெலெலோ.
ஊசி போட்டுப் போட்டு நுரையீரல் பிழைத்தது,
காது போய்விட்டது.
இப்போது கத்தித்தான் பேச வேண்டும்.
அதனால் எங்கள் வீட்டில் ரகசியமே கிடையாது.

சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
சிரித்திருக்கலாமா என்று
பிறகுதான் யோசித்தேன்.

வெளிச்சம் வந்தபோது
என் முழங்கை பட்டுத் தட்டு நகர்ந்திருந்தது.
எழுபத்தொன்று எங்கே போயிற்று
என்று யாரிடம் கேட்பது?
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
நூறு முடிந்தது.
எண்ணெயைத் துடைத்து
இன்னொரு நூறு.

படிவத்தில்
இல்லை என்று எழுத அனுமதி இல்லை.
புலப்படவில்லை என்றுதான் எழுத வேண்டும்.
அதை ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.
தமிழில் ஒரு முறை
மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
சனிக்கிழமை வகுப்பில் முதலில் படித்த சொல் இல்லை:
பால் இல்லை, காசு இல்லை,
அப்பா வீட்டில் இல்லை.
புலப்படவில்லை அப்போது
வாயில் நுழையாத பெரிய சொல்.
அதற்குள்ளேயே ஒரு புலம்
உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா.
நான் இன்றுதான் பார்த்தேன்.

குறிப்பு எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.
பக்கவாட்டில் எழுதினேன்:
முதல் எண்ணிக்கையில், 71இல், சந்தேகம்.
மறு மாதிரி கேட்கவும்.
மதிப்பெண்ணை வெட்டுவார்கள்.
வெட்டட்டும்.

வார்விக்கில் டாக்ஸி.
பதினைந்து பேர் இடத்தில் பதினெட்டு பேர்.
பின் வரிசையில் யாரோ இருமினார்கள்,
ஒருவரும் திரும்பவில்லை.
ஜன்னலை இரண்டு விரல் திறந்தேன்.
குளிருகிறது என்றாள் முன்னால் இருந்த அம்மாள்.
மூடினேன்.

ஹிக்கின்சன் சாலை ஏற்றத்தில்
அவள் தலை சாய்ந்து தூங்கிப்போனாள்.

திறந்தேன்.