நீலப் பசைக்கு அடியில்

ஏப்ரல். மேய்ன் மாநிலத்தின் வடகோடி.
ஆற்றைத் தாண்டினால் கனடா.
பனி உருகிச் சொதசொதத்த முற்றத்தில்
பழைய கதவைக் கிடத்தி, மேலே அட்டை விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே
எண்பத்தொன்பதாம் வருடத்து டொயோட்டா.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியென்றால்
மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்திருக்கும்.
இதற்கு நாலும் இழுக்கும்.
ஆகவே ஆயில் பேனுக்குக் குறுக்கே
டிஃபரன்ஷியல்,
வாசலை அடைத்துப் படுத்த கிழட்டு நாய் மாதிரி.
அதட்டினால் எழாது.
போல்ட் போல்ட்டாகக் கெஞ்ச வேண்டும்.

பக்கத்தில் ரோஸேர் திபோதோ.
ஜாக்கின் கைப்பிடி அவர் கையில்.
போன அறுவடை முடிந்த வாரம்
இந்த வண்டியை எனக்கு விற்றவர் அவர்தான்.
ஆயிரத்து எண்ணூறு டாலர், ரொக்கம்.
"ஊசி விழுந்தால் கேட்கும், நொயெலா,
அவ்வளவு அமைதியான எஞ்சின்."
ஜனவரியிலிருந்து
காலையில் சாவி திருப்பினால்
டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கும் சத்தம்.
கிழங்கு வறுவல் ஆலையில்
எட்டு மணி நேரம் கன்வேயர் இரைச்சலைக் கேட்பவள் நான்.
எந்தச் சத்தம் வேலை, எந்தச் சத்தம் வியாதி
என்று எனக்குத் தெரியும்.
அவர் மட்டும் "குளிர்" என்றார்.
மார்ச்சில் "ஈரம்" என்றார்.

பத்தொன்பது போல்ட்.
கேக் வார்க்கும் தட்டின் குழிகளில்
கழற்றிய வரிசைப்படி போட்டு வைக்கிறேன்.
பதினாலாவது ஒடிந்தது.
ரோட்டு உப்பு தின்ற கழுத்து;
சத்தம் கூட இல்லை,
கையில் திடீரென்று ஒரு இளக்கம், அவ்வளவுதான்.
பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
அவர் அதன் இரண்டாம் பாதியைச் சொன்னார்.

எல்லா போல்ட்டும் போன பிறகும்
பேன் இறங்கவில்லை.
பசை பிடித்திருக்கிறது.
தகட்டை விளிம்பில் செருகித் தட்ட,
ஒரு மூலையில் பிளந்து
முழங்கை வழியே சட்டைக்குள் வடிகிறது
மிச்சமிருந்த கறுப்பு.
எஞ்சினை ஒரு அங்குலம் தூக்கச் சொன்னேன்.
தூக்கினார்.
முன்னே இழு, சாய், திருப்பு;
கடைசியில்
தூங்கும் குழந்தையை வாங்குவது போல
நெஞ்சின்மேல் வாங்கிக்கொண்டேன்.

அடியில் காத்திருந்தவை:
செயின் உரசும் பிளாஸ்டிக் தாங்கி, துண்டு துண்டாக.
பல்லி வால் நீளத்தில் ஒன்று.
நகம் அளவில் ஏழெட்டு.
டார்ச்சைக் கடித்துக்கொண்டு
விளிம்பைச் சுரண்டினேன்.
மேலே நீலப் பசை.
அதற்கு அடியில், மூலைகளில், கறுப்புப் பசை.

தொழிற்சாலை ஒரு முறைதான் பூசும்.

யாரோ திறந்திருக்கிறார்கள்.
பார்த்திருக்கிறார்கள்.
மூடியிருக்கிறார்கள்.

திரும்பவில்லை நான்.
வண்டிக்கு அடியில் இரண்டு பேர் கிடந்தால்
முகம் பார்க்க வசதியில்லை; அது ஒரு சௌகரியம்.
ஜாக்கிலிருந்து அவர் கை நகர்ந்தது.
பூட்ஸ் இரண்டும் சேற்றை இழுத்துக்கொண்டு போயின.
சரி, ஓடட்டும் என்று
ஒடிந்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து அதே பூட்ஸ்.
அட்டையின்மேல் ஒரு பெட்டி தள்ளப்பட்டது.
செயின், பல்சக்கரம், தாங்கி,
பிளாஸ்டிக் இல்லை, இரும்பு முதுகு வைத்த தாங்கி.
பிரிக்காத உறை. மேலே ஆறு வருடத் தூசி.
ரசீதுகூட இருந்தது.

"வண்டியை விற்றீர்கள்," என்றேன்,
"பெட்டியை வைத்துக்கொண்டீர்கள்."

"பெட்டியைக் கொடுத்தால் கேட்பாயே," என்றார்.

நியாயம்தான். கேட்டிருப்பேன்.
விலையில் ஐந்நூறு குறைத்தும் இருப்பேன்.
அதைச் சொன்னேன்.
"நானூறு," என்றது பூட்ஸ்.
மேலே எங்கேயோ தேங்கியிருந்த ஒரு சொட்டு
என் நெற்றியில் விழுந்தது.
"ஐந்நூறு. ரேடியேட்டரை நீங்கள் கழற்றுகிறீர்கள்."

பதில் இல்லை.
கேக் தட்டில் எதையோ துழாவும் சத்தம்.
பிறகு முன்பக்கம், பம்பருக்கு மேலே,
பத்தாம் நம்பர் சாக்கெட்
கிர்ரென்று
பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது.