பத்தாவது கால்

கிண்ணியாவில் பஸ் ஏறி
மடியில் வைத்தபடியே கொண்டுவந்தாள் ரிபாயா,
ஒவ்வொரு பிரேக்குக்கும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
பழைய கேஸிங்கின் அடித்தகடு
என் மேசையில் பப்படமாய் உதிர்ந்தது.
குடாவின் உப்புக்காற்று
அவளுடைய ஃபோட்டோகொப்பிக் கடையில்
ஏழு வருடம் வாடகை தராமல் இருந்திருக்கிறது.

உள்ளே எல்லாம் உயிரோடு.
மதர்போர்ட், ராம், இரண்டு ஹார்ட் டிஸ்க்.
அதிலொன்றில் பத்தாம் ஆண்டுத் தவணைப் பரீட்சைத் தாள்,
திங்கட்கிழமைக்கு முந்நூறு பிரதி.

புதிது வாங்கக் காசில்லை.
மத்திய வீதியில் மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து
ஒரு கறுப்புக் கேஸிங் எடுத்துவைத்திருந்தேன்,
பக்கத்தில் கண்ணாடி, முகத்தில் நீல வெளிச்சம்.
முன்பு அதற்குள் இருந்தது சின்ன போர்ட்.
இவளுடையது முழு அளவு,
மூன்று விரல் கூடுதல்.

எந்த அளவுக்கு எந்தத் துளையென்று
படம் போட்ட தாளொன்று, அதிசயமாய்,
அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.
பெட்டியை வாசலில் வைத்தேன்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மான்
பெட்டியின் மூலையைத் தின்று
தாளையும் தின்று
இன்னும் ஏதும் உண்டா என்று என்னைப் பார்த்தது.
இந்த ஊரில் மானை விரட்ட ஒரு சத்தம் உண்டு.
எனக்கு அது வராது.

ஆகவே கண்கணக்கு.
போர்டில் ஒன்பது துளை,
உடம்புக்குச் சொல்கிற அதே கணக்கு.
தகட்டில் எட்டுப் பித்தளைக் கால்.
ஆறு, நின்ற இடத்திலேயே சரி.
இரண்டைக் கழற்றி, தள்ளி முறுக்கினேன்.
ஒன்பதாவதற்கு
நெஸ்டமோல்ட் டின்னைக் கவிழ்த்துக் கிளறி,
விரல் குத்தி,
ஒன்று எடுத்தேன்.

சுவிட்சை அழுத்தினேன்.
காற்றாடி அரைச் சுற்று சுற்றி
நின்றுவிட்டது.
மறுபடி. அரைச் சுற்று.
“மௌத்தா அக்கா?”
ரிபாயா என்னைக் கேட்கவில்லை, போர்டைப் பார்த்துக் கேட்டாள்.
இல்லை என்றேன்,
தெரியாமல்தான் சொன்னேன்.

பூட்டியதெல்லாம் கழற்றினேன்.
மான் மிச்சம் வைத்த அட்டையின் மேல்
போர்டைப் படுக்கவைத்து
ஸ்குரூ டிரைவர் நுனியால்
இரண்டு ஊசியைத் தொட்டேன்.
ஓடியது.
அட்டையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை.
அப்படியென்றால் வீட்டில்தான் ஏதோ.

டோர்ச் பிடித்தாள்.
கறுப்புத் தகட்டில் கறுப்பாகவே ஒரு கால்.
பித்தளையைத் தேடிய கண்ணுக்கு
இரும்பு தெரியவில்லை.
முன்பிருந்த போர்டின் ஏதோ ஒரு துளைக்காக
அது நிமிர்ந்து நின்றது.
அந்த போர்ட் போய்விட்டதென்று
அதற்கு யார் சொல்வது.
நுனி மட்டும் தேய்ந்து வெள்ளை.
இவளுடைய போர்டின் முதுகில்
துளையே இல்லாத இடத்தில்
கடுகளவு தொட்டிருக்கிறது.
அவ்வளவுதான் ஷோர்ட்.

இதை வைத்து ஏதாவது சொல்லலாம்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
வீட்டையும் காலையும் பற்றி
யாரும் எதுவும் சொல்லிவிடலாம்.
நான் குறட்டால் பிடித்துக் கழற்றினேன்,
இறுகியிருந்தது,
இரண்டு தரம் வழுக்கியது.

டின்னுக்குள் போடப்போனேன்.
“அதை எனக்குத் தாங்க.”
“எதுக்கு?”
“சும்மா.”
பஸ் சில்லறையோடு போட்டுக்கொண்டாள்.

பின்பக்கத் தகடும் துருவில் போயிருந்தது.
பால்மா டின்னை வெட்டி அடைத்தேன்.
பல்லி புகாது. பசுவின் ஒரு கண்
யூஎஸ்பிக்குப் பக்கத்தில் தெரியும்.

ஐந்தே முக்காலுக்கு
பரீட்சைத் தாள் திரையில் வந்தது.
முதலாம் பக்கம், சுட்டெண், நேரம் இரண்டு மணித்தியாலம்.
ரிபாயா வாசிக்கவில்லை.
கண்ணாடிக்குள் எரிந்த நீலத்தைப் பார்த்து
“இத நிப்பாட்ட ஏலுமா?
கடையப் பார்த்தா கல்யாண வீடு மாதிரிக் கிடக்கும்.”

ஏலும்.
எந்த வயர் என்றுதான்
அந்தத் தாளில் போட்டிருந்தது.