தடால்

விழுகிறவனுக்குச் சத்தம் கிடையாது.
அதை நான்தான் கொடுக்க வேண்டும்:
பியானோவின் இடக்கோடிக் கட்டைகள்மேல்
முழங்கையால் ஒரே இடி.

மொன்டானா, தாமிரச் சுரங்க ஊர்.
இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து
முகம் கழுவாமலே வந்து உட்காருகிறார்கள்
ஃபின்லாந்துக்காரர்கள், செர்பியர்கள், கார்ன்வால்காரர்கள்.
சண்டைக்கு மூன்று மொழி.
இதற்கு ஒன்றும் வேண்டாம்.

ஏணி திரும்புகிறது.
குனிந்து தப்புகிறார் போலீஸ்காரர்.
நிமிரப்போகிறார். ஏணியும் திரும்பி வருகிறது.
நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.
அந்த அரை நொடிக்குத்தான் ஐந்து சென்ட்.

யானைக்கும் அடி சறுக்கும்;
ஆனால் யானை சறுக்கினால்தான் சிரிப்பு.
தங்கச் சங்கிலி, தொந்தி, உயர்ந்த தொப்பி
மொத்தமும் சுண்ணாம்புத் தொட்டிக்குள்
போகிற அழகே தனி.

மூன்றாம் வரிசையில் வெய்க்கோ லாட்டோனன்.
மார்ச் மாதம் ஏணியோடு
நாற்பதடி போனவர். இடுப்பு இன்னும் கோணல்.
நேற்று அவரைப் பார்த்துவிட்டேன்.
முழங்கை அந்தரத்தில் நின்றுவிட்டது.
கூரையிலிருந்து ஓசையின்றி விழுந்தான் கோமாளி.
அரங்கில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"தடால்!" என்றார் வெய்க்கோ,
வாயாலேயே, எனக்குப் பதிலாக.
பிறகு சிரிப்பு, பெஞ்சுகள் ஆடுமளவுக்கு.

வெளியே போகும்போது
ஊன்றுகோலால் பியானோவைத் தட்டினார்.
"எழுந்துட்டான், பாத்தியா?
தொப்பிகூட நசுங்கல."

ஒன்பது மணிக் காட்சிக்கு அதே ரீல்.
படத்தில் யாருக்கும் காயமில்லை.
என் முழங்கைதான்
கன்றிப்போய்க் கிடக்கிறது.