முகவரி (கட்டாயம்)

வின்னிபெக்கில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்
ஹீட்டர் கம்பி செக்கச்செவேலென்று எரிந்தது.
உள்ளே இடமிருந்தும்
வெளியே நின்றவர்களை எண்ணினேன்.
நாற்பது நிமிடம். பதினேழு பேர்.
பேனா மை உறைந்துபோய்ப்
பென்சிலுக்கு மாறினேன்.

இரண்டாம் ஆண்டு, சமூகவியல்.
பயிற்சித்தாளில் தடித்த எழுத்தில் ஒரு வரி:
காரணத்தை ஊகிக்க வேண்டாம், கேட்கவும்.
கேட்டேன்.
ஒருவருக்குப் புகைக்க வேண்டும்.
ஒருத்திக்கு உள்ளே வீசும் வாடை ஆகாது.
சிவப்புக் குல்லாய்க்காரர் சொன்னார்:
"நான் உள்ளே போனால்
அவங்க வெளியே வந்துடுவாங்க.
அவங்களுக்கு எதுக்குக் குளிர்?"

அதை எந்தக் கட்டத்தில் போடுவது?
கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம் இருந்தது.
போட்டேன்.
எழுபத்தெட்டு மதிப்பெண் வந்தது.

முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டியபடி
அம்மா கேட்டாள்:
"அதைப் படிச்சா என்ன ஆகலாம், ஓரிசியா?"
கையேட்டின் பின்னட்டையை வாசித்துக் காட்டினேன்,
மனிதவளம், சந்தை ஆய்வு, நகரத் திட்டம்,
சிறைத்துறை, அரசுப் பணி, இன்னும் பல.
"ஒண்ணும் நிச்சயமில்லைங்கிறதை
எவ்வளவு நீளமா எழுதியிருக்காங்க" என்றாள்.
அண்ணன் வெல்டர்.
அவனுக்கு அது உப்புக்குச் சப்பாணிப் படிப்பு.

பட்டம் வாங்கிப் பதினான்கு மாதம்
காலணிக் கடையில் நின்றேன்.
(முதலில் விலைச்சீட்டைத் திருப்புகிறவர் யார்,
கண்ணாடியைத் தேடுகிறவர் யார் என்று
ரசீதின் முதுகில் கோடு போட்டு வைத்திருந்தேன்.
மேலாளர் அதைக் கண்டுபிடித்துச்
சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.)

டெல்ஃபின் எங்கள் வகுப்பில் கெட்டிக்காரி.
எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத்
தனிமை பிடிக்கும் என்று கணக்கிட்டு
செல்பேசி நிறுவனத்துக்குச் சொல்கிறாள்.
ஏரிக்கரையில் வீடு வாங்கிவிட்டாள்.
கோர்டன் பரோல் அறிக்கை எழுதுகிறான்.
சில வியாழக்கிழமைகளில் போன் செய்வான்.
ஒன்றும் பேசமாட்டான்.
நானும் வைக்கமாட்டேன்.

எனக்குக் கிடைத்தது நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு,
மூன்றாம் மாடி, படிவங்கள் மேசை.
படிவம் இப்படித் தொடங்கும்:
பெயர். முகவரி (கட்டாயம்).
வீடில்லை என்று வந்தவரிடம்!
கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.
வந்தவர் போய்விடுவார்.

எட்டு மாதம். ஐந்து கூட்டம்.
சட்டப் பிரிவிலிருந்து இரண்டு மறுப்பு.
மாறியது ஒரே வரி:
உங்களுக்குக் கடிதம் வந்தால்
எங்கே கொடுத்தால் கையில் சேரும்?

"ஒரு கேள்வியை மாத்தறதுக்கா சம்பளம்?"
என்றான் அண்ணன்.
ஆமாம் என்றேன்.
எவ்வளவு என்றான். சொன்னேன்.
தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

முதல் வாரத்துப் பதில்கள் வந்திருக்கின்றன.
சார்ஜென்ட் அவென்யூ சலவைக்கடை, மாலை ஆறுக்கு மேல்.
நூலகம், இரண்டாம் தளம், பெவ்விடம் தரவும்.
எங்கே வேண்டுமானாலும், என் தம்பி வீட்டில் மட்டும் வேண்டாம்.
அப்புறம், பென்சிலில், சாய்வான எழுத்தில்:
எனக்கு யார் எழுதுவார்கள்?

விதிப்படி அதற்குக் குறியெண் ஒன்பது.
'பிற'.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
எதிர் நிறுத்தத்தில் ஹீட்டர் எரிகிறது,
வெளியே யாரோ நிற்கிறார்கள்.
அந்தத் தாளுக்கு
இன்னும் எண் போடவில்லை.